ரப்பரின் கணக்கு: இழுத்துப் பார்த்தால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் அதனிடம் பாதி விவரத்தைக் கொடுத்தால், முழு விடை போலவே ஒன்றைத் திருப்பித் தரும். அப்படி வந்த ஒரு விடையை நம்பி, ஒரு தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் நம்மவர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, தாராவியில் குடியிருப்பவர். 20 ஆண்டுகளுக்கு மேலாக ரப்பர் பிரஸ்ஸில் நிற்பவர். அவருக்கு நேர்ந்ததையும், உண்மை எப்படி வெளியே வந்தது என்பதையும் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் ரெயில்வே குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். அதே பட்டறையில் வேலை பார்க்கும், டிப்ளமோ படித்த தம்பி ஒருவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் சால் வராந்தாவில் உட்கார்ந்து, பென்சிலும் காகிதமுமாக எனக்கு விளக்கினார். கூட்டல், பெருக்கல் தெரிந்த எவருக்கும் இது புரியும். எனக்கே புரிந்ததே!

நடந்தது என்ன?

தொழிற்சாலைகளில் தலைக்கு மேலே ஓடும் கிரேனைப் பார்த்திருப்பீர்கள். அது தண்டவாளத்தின் கடைசிக்கு வந்து மோதினால் அதிர்ச்சியைத் தாங்க, கனமான ரப்பர் உருளை ஒன்றைப் பொருத்துவார்கள். நமது ரெயில் பெட்டியின் பஃபர் மாதிரிதான்.

அந்தப் பட்டறைக்கு இப்படி ஒரு பஃபர் செய்யும் ஆர்டர் வந்தது. பஃபர் பாதி உயரத்துக்கு அமுங்க இத்தனை டன் வேண்டும் என்பது நிபந்தனை. முன்பெல்லாம் அச்சு வெட்டி, ரப்பர் வார்த்து, அமுக்கிப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் மறுபடியும் அச்சு. செலவு கையைக் கடிக்கும். எனவே இந்த முறை வெளியில் ஒருவரிடம் பணம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். திரையில் பஃபர் அழகாக அமுங்கியது. 3 டன் என்று விடை வந்தது. அதை வைத்து அச்சு வெட்டினார்கள்.

சரக்கு போனது. வாங்கியவர் அமுக்கிப் பார்த்தார். 2 டன்னிலேயே பஃபர் பாதியாகிவிட்டது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது.

ஆபீசில் தீர்ப்பு உடனே சொல்லிவிட்டார்கள். "கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது. ரப்பர் வேகவில்லை. பிரஸ்காரர் அவசரப்பட்டு அச்சைத் திறந்திருக்கிறார்." மறுநாள் முதல் அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ரப்பர் நல்லா வெந்திருக்கு தம்பி. வேகாத ரப்பர் கையில ஒட்டுமே, எனக்குத் தெரியாதா?" என்று அவர் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை.

இரும்பு வேறு, ரப்பர் வேறு

இரும்புக் கம்பியில் எடையைக் கட்டினால் அது நீளும். எடையை இரு மடங்காக்கினால் நீளும் அளவும் இரு மடங்காகும். ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 17-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்த விதி இது. இரும்புக்கு ஒரே ஒரு எண் தெரிந்தால் கணக்கு ஓடும். ஆனால் இரும்பு நீள்வது கண்ணுக்கே தெரியாத அளவு.

ரப்பர் அப்படி அல்ல. ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று நீளும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிறகு இளகி நீளும். கடைசியில் திடீரென்று விறைத்துக்கொள்ளும். எடையையும் நீளத்தையும் வரைபடமாகப் போட்டால் நேர்கோடு வராது. வளைந்து நெளிந்த கோடு வரும்.

இதற்குக் காரணம் ரப்பரின் உள்ளமைப்பு. நீண்ட நூல்கள் போன்ற மூலக்கூறுகள் சுருண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது இந்த நூல்களுக்கிடையே முடிச்சுகள் விழுகின்றன. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்த வழி இது. பிரஸ்காரர்கள் ‘ரப்பர் வெந்தது' என்று சொல்வது இந்த முடிச்சுகள் விழுவதைத்தான். இழுத்தால் சுருள் பிரிகிறது. முழுதும் பிரிந்த பிறகு மேலே நீள இடமில்லை. அதனால்தான் கடைசியில் விறைப்பு.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அகலமான ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள். சூடாக இருக்கும். இழுத்த நிலையிலேயே சற்று நேரம் வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். குளிர்ந்திருக்கும். இதை 1805-ல் எழுதி வைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். அவருக்குக் கண் பார்வை கிடையாது. உதட்டால் தொட்டே கண்டுபிடித்தார்!

கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது?

ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் அமுக்கிப் பார்க்கும் முறைக்கு ‘பைனைட் எலிமென்ட்' முறை என்று பெயர். பொருளை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தள்ளுகிறது, இழுக்கிறது என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்று சேர்ப்பார்கள். விமான இறக்கைகளுக்காக 1950-களில் வளர்ந்த முறை இது. 1960-ல் ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தப் பெயரை வைத்தார். ‘அன்சிஸ்' 1970-ல் தொடங்கியது. ‘அபாகஸ்' 1978-ல் வந்தது. இன்று கார் டயர் முதல் மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி வரை இத்தகைய புரோகிராம்களில் சோதிக்கிறார்கள்.

கட்டம் பிரிப்பதும் கூட்டுவதும் கம்ப்யூட்டரின் வேலை. ஆனால் ஒரு கட்டம் ரப்பரா, இரும்பா, எவ்வளவு விறைப்பு என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு ஒரு சூத்திரமும் அதில் போட வேண்டிய எண்களும் தேவை. நம் கதையில் பிழை நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

யுத்த காலத்தில் ஒரு பரிசோதனை

ரப்பருக்குச் சூத்திரம் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் மெல்வின் மூனி. அமெரிக்க ரப்பர் கம்பெனி ஒன்றின் விஞ்ஞானி. ரப்பர் பாக்டரியில் இருப்பவர்கள் ‘மூனி' அளவு என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அதே மூனிதான். 1940-ல் அவர் எழுதியதை, 1948-ல் இங்கிலாந்தின் ரிவ்லின் கணித முறையில் விரிவாக்கினார். இருவர் பெயராலும் ‘மூனி-ரிவ்லின்' சூத்திரம் என்று இன்றும் எல்லாக் கம்ப்யூட்டர் புரோகிராம்களிலும் அது இருக்கிறது.

ரிவ்லின் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தியவர்கள் ரப்பர் தோட்ட உற்பத்தியாளர்கள். மலாயாவிலும் இலங்கையிலும் அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழர்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அதே கூடத்தில் ட்ரெலோர் என்ற விஞ்ஞானி இருந்தார். 1944-ல் அவர் ஒரே ரப்பரைப் பலவிதமாகச் சோதித்தார். ஒரு பக்கமாக இழுத்தார். தகட்டை ஊதி எல்லாப் பக்கமும் விரித்தார். அகலம் குறையாமல் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் மட்டும் இழுத்தார். 80 ஆண்டுகள் ஆகியும், புதுச் சூத்திரம் எழுதும் ஒவ்வொருவரும் ட்ரெலோரின் அளவுகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அவருடைய ரப்பரில் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துண்டை இரு மடங்கு நீளமாக்க ஏறக்குறைய 5 கிலோ விசை போதும். 4 மடங்காக்க 12 கிலோ. 7½ மடங்குக்கு ஏறக்குறைய 60 கிலோ.

பென்சிலை எடுங்கள்

இனி கணக்குக்கு வருவோம்.

மிக எளிய சூத்திரம் இது: எத்தனை மடங்கு நீளமோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அந்த எண்ணின் வர்க்கத்தால் வகுத்து, வந்ததை அதிலிருந்து கழியுங்கள். பிறகு ரப்பரின் விறைப்பால் பெருக்குங்கள். ட்ரெலோரின் ரப்பருக்கு விறைப்பு 4 கிலோ.

இரு மடங்கு நீளம் என்றால், 2-ல் கால் கழித்தால் 1¾. நான்கால் பெருக்கினால் 7 கிலோ. நிஜத்தில் வந்ததோ 5 கிலோ சொச்சம். பொருந்தவில்லை.

இப்போது மூனியின் முறை. ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்கள். 4 கிலோவை 2, 2 என்று பிரித்து, இரண்டாவது எண்ணை மட்டும் நீளத்தின் மடங்கால் வகுக்க வேண்டும். அதாவது 2-ம், இரண்டில் பாதியான 1-ம் சேர்ந்து 3. 1¾-ஐ 3-ஆல் பெருக்கினால் 5¼ கிலோ. அப்படியே பொருந்துகிறது! யாராக இருந்தாலும் இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா?

பட்டறைக்குக் கணக்குப் போட்டவரும் இதைத்தான் செய்தார். ‘டம்பெல்' வடிவத்தில் ரப்பரை வெட்டி இழுத்துப் பார்த்தார்கள். கோடு அழகாகப் பொருந்தியது. எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள்.

ஆனால் பஃபரை யாரும் இழுக்கப்போவதில்லை. அமுக்கத்தான் போகிறார்கள்!

பாதி உயரத்துக்கு அமுக்கினால் என்ன ஆகும்? ½-லிருந்து 4-ஐக் கழித்தால் மைனஸ் 3½. மைனஸ் என்றால் அமுக்குவது என்று பொருள். மூனியின் இரண்டாவது எண்ணான 2-ஐ அரையால் வகுத்தால் 4. முதல் எண்ணையும் சேர்த்தால் 6. 3½-ஐ 6-ஆல் பெருக்கினால் 21 கிலோ.

நிஜம் என்ன? ஒரு தகட்டை எல்லாப் பக்கமும் விரித்தால் அதன் கனம் குறையும். கனத்தை அமுக்கிக் குறைத்தாலும் அது எல்லாப் பக்கமும் விரியும். ரப்பருக்கு இரண்டும் ஒன்றே. எனவே ட்ரெலோர் ஊதிய தகட்டின் அளவைக் கொண்டு, அமுக்குவதற்கான விசையை அறியலாம். அது ஏறக்குறைய 14 கிலோ.

கணக்கு 21. நிஜம் 14. ஒன்றரை மடங்கு வித்தியாசம். பட்டறையில் 3 டன் என்றது 2 டன் ஆனதும் இதே ஒன்றரை மடங்குதான்.

வேடிக்கை என்னவென்றால், இழுக்கும்போது பொருந்தாத எளிய சூத்திரம், அமுக்கும்போது 3½-ஐ 4-ஆல் பெருக்கி 14 என்று சரியாகச் சொல்லிவிடுகிறது. இழுக்கும்போது கிடைக்கும் அந்த இரண்டாவது எண், அமுக்கும்போது ஏறக்குறைய மறைந்துபோகிறது என்பதை ரிவ்லினும் சாண்டர்சும் 1951-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இந்தக் குறையைப் போக்கப் பிறகு பல சூத்திரங்கள் வந்தன. 1972-ல் ஆக்டன், 1990-ல் இயோ, 1993-ல் அரூடா-பாய்ஸ். எல்லாம் புரோகிராமில் பெயர்ப் பட்டியலாக இருக்கின்றன. ஆனால் எந்தச் சூத்திரமானாலும், பொருள் வேலை செய்யும் விதத்திலேயே சோதித்த அளவுகளைக் கொடுத்தால்தான் அதை நம்பலாம்.

தண்டவாளத்தின் கீழே

இன்னொரு விஷயம். ரப்பர் வடிவம் மாறும். ஆனால் பருமன் குறையாது. இந்த விஷயத்தில் அது தண்ணீர் மாதிரி. ரப்பரின் வடிவத்தை மாற்றுவதைவிடப் பருமனைக் குறைப்பது பல ஆயிரம் மடங்கு கடினம். அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும்.

பிளாட்பாரத்தில் நிற்கும்போது கீழே பாருங்கள். தண்டவாளத்துக்கும் கான்கிரீட் சிலீப்பருக்கும் நடுவே கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். அதில் வரிவரியாகப் பள்ளங்கள் போட்டிருப்பார்கள். அழகுக்காக அல்ல. வண்டி ஏறும்போது ரப்பர் பிதுங்குவதற்கு அந்தப் பள்ளங்கள்தான் இடம். பள்ளம் இல்லாவிட்டால் அகலமான மெல்லிய பட்டை கல் போல இறுகி நிற்கும். தினமும் அதன் மேல் போகும் வண்டிகளுக்குக் கணக்கு எழுதும் எனக்கு, இது இத்தனை நாள் தெரியாது.

கம்ப்யூட்டருக்கும் இதே சிக்கல் உண்டு. சாதாரணக் கட்டங்களைப் போட்டால், பருமன் மாறக்கூடாது என்ற கட்டுப்பாட்டிலேயே அவை பூட்டிக்கொள்ளும். ரப்பர் இல்லாத விறைப்பைக் காட்டும். இதற்காக உள்ளழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடும் கலப்புக் கட்டங்கள் இருக்கின்றன. 1965-ல் ஹெர்மன் என்பவர் காட்டிய வழியிலிருந்து வளர்ந்தவை இவை. அவற்றைத் தேர்ந்தெடுப்பதும் மனிதன் கையில்தான்.

முதல் இழுப்பும் குளிரும்

பலூனை ஊதுமுன் நாம் கையால் இழுத்து விடுகிறோம். பிறகு ஊதுவது சுலபம். கார்பன் பிளாக் கலந்த ரப்பரில் இது மிக அதிகம். முதல் முறை இழுக்கத் தேவைப்படும் விசை, மறு முறை அதே நீளத்துக்குத் தேவைப்படாது. 1940-களில் இதை விரிவாக ஆராய்ந்த மல்லின்ஸ் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். எனவே சோதிக்கும்போது சில தடவை இழுத்து விட்டு, அதன் பிறகு அளவெடுக்க வேண்டும்.

குளிரும் ரப்பரை மாற்றும். 1986 ஜனவரி 28-ம் தேதி அமெரிக்காவின் ‘சேலஞ்சர்' விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. 7 பேர் மாண்டார்கள். ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம், அன்றைய குளிரில் விறைத்து, இடைவெளியை உடனே அடைக்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ஃபெயின்மன் அதே ரப்பர்த் துண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்து விட்டபோது அது உடனே பழைய நிலைக்கு வரவில்லை. எல்லோரும் பார்க்க, ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் விஷயம் விளங்கிவிட்டது.

பட்டறையில் ஒரு ரப்பர் பொத்தான்

நம் தம்பி செய்ததும் அப்படி ஒரு சின்னப் பரிசோதனைதான்.

முதலில் ‘ஷோர்' மீட்டரை வைத்துத் திரும்பி வந்த பஃபர்களின் கடினத்தை அளந்தார். எல்லாம் சரியான அளவில் இருந்தன. பிறகு வாங்கியவர் அனுப்பிய அளவுகளைப் பார்த்தார். முதல் சில மில்லிமீட்டர் அமுங்கும் வரை கணக்கும் நிஜமும் ஒன்றாகவே இருந்தன. போகப் போகத்தான் பிரிந்தன.

"வேகாத ரப்பரா இருந்தா ஆரம்பத்திலேயே கொழகொழன்னு இருக்கணும்ல, அண்ணே? ஆரம்பம் சரியா இருக்கு, முடிவு மட்டும் தப்பா இருக்குன்னா, தப்பு ரப்பர்ல இல்ல, சூத்திரத்துல இருக்கு" என்றார் தம்பி.

அதே ரப்பரில் 29 மில்லிமீட்டர் விட்டமும் 12½ மில்லிமீட்டர் கனமும் உள்ள பொத்தான் ஒன்றைச் செய்தார். இரு பக்கமும் சிலிக்கோன் எண்ணெய் தடவினார். எண்ணெய் இல்லாவிட்டால் ரப்பர் தகட்டைப் பிடித்துக்கொண்டு பீப்பாய் போல உப்பும்; அளவு தவறிவிடும். சில தடவை அமுக்கி விட்டு, பிறகு அளவெடுத்தார். இழுத்த அளவையும் அமுக்கிய அளவையும் சேர்த்துக் கொடுத்துப் புதிய எண்களைக் கண்டார்.

கணக்கை மறுபடி ஓட்டியபோது வந்த விடை, 2 டன்.

ஆபீசில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். அச்சை மாற்றவில்லை. கலவையில் கார்பன் பிளாக்கைக் கூட்டி ரப்பரைக் கடினமாக்கினார்கள். புதுக் கலவையையும் இரண்டு விதமாகச் சோதித்த பிறகே பிரஸ்ஸில் ஏற்றினார்கள். அடுத்த லாட் திரும்பி வரவில்லை.

மூன்று வாரம் வீட்டில் இருந்த பிரஸ்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த மூன்று வாரச் சம்பளத்தில் பாதி கிடைத்தது. மீதிக்கு அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பாதி எந்தச் சூத்திரத்தில் மறைந்தது என்று தெரியவில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

மும்பையிலும் தானேயிலும் ரப்பர்ப் பட்டறைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஏராளம். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். ‘கால்குலிக்ஸ்' என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. மூனி-ரிவ்லின், ஆக்டன், இயோ, அரூடா-பாய்ஸ் எல்லாம் அதில் உண்டு.

கம்ப்யூட்டர் விடையை யாராவது நீட்டினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். ரப்பரை எப்படியெல்லாம் சோதித்தீர்கள்? சில தடவை இழுத்து விட்ட பிறகு அளவெடுத்தீர்களா? பருமன் மாறாத பொருளுக்கு உரிய கட்டங்களைப் போட்டீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு பிரஸ்காரரைக் குறை சொல்லலாம்.

போன வாரம் அந்தப் பெரியவரை மாட்டுங்கா ஸ்டேஷனில் பார்த்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்ப ஒவ்வொரு லாட்லயும் ஒரு பொத்தான் எடுத்து அமுக்கிப் பார்த்துட்டுத்தான் சரக்கு வெளிய போகுது. அந்தப் பொத்தானைச் செய்யறதும் நான்தான்" என்றார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.